பிணம் சிரித்த இடம்

பேய்ப்படம் என்றால் பயமுறுத்த வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. பயப்படுவதற்கு அவரவர் வீட்டிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. அதற்கென்று கடைக்குப் போய் டேப் எடுத்துவர வேண்டுமா? நானும் என் அண்ணனும் பேய்ப்படம் பார்த்தது சிரிப்பதற்காக. நல்ல பேய்ப்படம் எங்களுக்கு ஆகவே ஆகாது. வெளிச்சம் சரியாக விழுந்து, இசை சரியான இடத்தில் வந்து, பேயும் பேய் மாதிரியே இருந்து தொலைத்தால் அண்ணன் முகம் தொங்கிப்போகும். "சே, ஒழுங்கா எடுத்து வச்சிருக்கானுங்கலா, ஒண்ணும் தேறாது" என்று பாதியில் எழுந்து போய்விடுவான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அண்ணன் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தான். நான் தையல் ஃபேக்டரியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு முடிந்ததும் அண்ணன் தெருமுனை வீடியோ கடைக்குப் போய் ஒரு பேய்ப்படம் எடுத்துவருவான். மொழி அவனுக்கு ஒரு பொருட்டில்லை. ஹாங்காங் படமோ, இந்தோனேசியப் படமோ, பம்பாய்ப் படமோ, அட்டையில் இருக்கிற பேயின் மூஞ்சி எவ்வளவு கேவலமாக வரைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. கடைக்கார அண்ணனும் அவன் சேக்காளிதான். "மச்சான், ஒண்ணு வந்திருக்கு, மகா மட்டம்" என்று எடுத்து ஒளித்து வைத்திருப்பார்.

படத்தில் யார் முதலில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு பிடி கச்சாங் பூத்தே. கடலையும் பட்டாணியும் முறுக்குத் துண்டும் கலந்த அந்தப் பொட்டலம் அண்ணன் மடியில்தான் இருக்கும், நீதிபதியும் அவனேதான். பேயின் கையில் கடிகாரம், பேயின் காலில் ஜப்பான் சிலிப்பர் என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். ஒரு படத்தில் கழுத்து அறுபட்டுச் செத்தவன் கொசு கடித்ததும் தொடையைச் சொறிந்தான். அன்றைக்கு எனக்கு அரைப் பொட்டலம் கிடைத்தது.

அம்மா எங்களோடுதான் உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஒரு தப்பும் அவள் கண்ணில் படாது. அவளுக்குப் பேய்மேல் இரக்கம் வந்துவிடும். "பாவம், எப்படி மெலிஞ்சு கெடக்கு பாரு. பசியாறி எத்தன நாளாச்சோ" என்பாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுவான். "அம்மாவுக்கு ஆறுதல் பரிசு" என்று அவளுக்கும் ஒரு பிடி கொடுப்பான். அப்பா இதில் எதிலும் சேரமாட்டார். வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். எங்கள் சத்தம் அளவுக்கு மீறினால் உள்ளே எட்டிப் பார்த்து, "பைத்தியக்கார ஆஸ்பத்திரி கெட்டுது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அதில் அப்படி என்னதான் இருந்தது என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். நல்ல படத்தில் பேய் தெரியும். மட்டமான படத்தில் பேய்க்குள் இருக்கிற ஆள் தெரிவான். அவனுக்கு வியர்க்கும், முடி நழுவும், அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று ஓரக்கண்ணால் யாரையோ பார்ப்பான். யாரோ ஒரு ஏழை, மூஞ்சியில் மாவைப் பூசிக்கொண்டு, மதியச் சாப்பாடு வருமா என்று காத்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும். நாங்கள் சிரித்தது அவனோடு. அம்மா இரக்கப்பட்டதும் அவன்மேல்தான் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் மூன்று பேரில் அவள்தான் ஒழுங்காகப் படம் பார்த்திருக்கிறாள்.

அப்படிப்பட்ட அண்ணனுக்கே பேயாக நடிக்க ஒரு வாய்ப்பு வந்தது. கிள்ளானில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், நெட்டையாக ஒல்லியாக நின்ற அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நான் ஒரு படம் எடுக்கப்போறேன், நடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு கேமரா, ஒரு வேன், தெரிந்தவர்கள் நாலைந்து பேர், அவ்வளவுதான் அவருடைய சினிமாக் கம்பெனி. நாங்கள் அவரை டைரக்டர் என்றுதான் சொல்வோம். கதை ரொம்பச் சின்னது. கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், கணக்கு எழுதுகிற கிராணி ஒரு கூலிக்காரனைக் கொன்றுவிடுகிறான். கூலிக்காரன் பேயாக வந்து கிராணியின் குடும்பத்தை உண்டு இல்லை என்று பண்ணுகிறான்.

அப்பா குதித்தார். "இவன பேயா நடிக்கவா பெத்து வளத்தேன்? வேலைக்குப் போறவன் போற வழியப் பாக்கட்டும்." அண்ணனுக்காகப் பேசியது அம்மா. "ஆசப்படுறான், போகட்டுமே. லீவு நாளுலதான போறான். குடிக்கவா போறான், அடிச்சிக்கவா போறான்?" அம்மா ஒன்றில் நின்றுவிட்டால் அப்பாவால் அசைக்க முடியாது. அண்ணன் போனான்.

காஜாங்கைத் தாண்டி ஒரு தோட்டத்தில் ஆள் இல்லாத பழைய பங்களா ஒன்று இருந்தது. அங்கேதான் படப்பிடிப்பு. ஒவ்வொரு தடவை போய்வந்ததும் அண்ணன் சொல்கிற கதைகள் படத்தைவிட நன்றாக இருக்கும். ராத்திரிக் காட்சியையெல்லாம் பட்டப்பகலில் எடுத்தார்களாம், லென்ஸில் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டி. தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டதில் கிராணியாக நடித்தவருக்கு இளைப்பு வந்து, பேயே அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியதாம். "நம்ம படத்துக்கு ஒரு மூட்டை கச்சாங் பூத்தே பத்தாது" என்று என்னிடம் சொன்னான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்குப் பிணமாக நடித்ததைச் சொன்னான். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"என்னது? பாடையில படுத்தியா?"

"நடிப்புமா."

"மாலை போட்டாங்களா?"

"போட்டாங்க. நெத்தியில காசும் வச்சாங்க. எழுந்திரிச்சதும் டைரக்டரு அத திருப்பி வாங்கிக்கிட்டாரு, கஞ்சப் பய."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "எழுந்திரிச்சதும் சிரிச்சியா?" என்று கேட்டாள்.

சினிமாவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடிக்கிறவன் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். அப்போதுதான் தோஷம் கழியும். பிறகு அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். அம்மா இதை யார் சொல்லியோ கேட்டு வைத்திருந்தாள்.

"சிரிச்சேன்மா. டைரக்டரே சிரிக்கச் சொன்னாரு. கேமராவப் பாத்து ஈன்னு சிரிச்சேன்."

"சத்தியமா?"

"சத்தியமாலா."

'லா' போட்டு அவன் பண்ணுகிற சத்தியத்தை எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அம்மா உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து, சோற்றுக் கையோடு இருந்தவனைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "அம்மா, காரம் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம்" என்று அவன் கிண்டல் பண்ணினான்.

அடுத்த மாதம் வேலை முடிந்து வரும்போது மழையில் அவன் மோட்டார் சைக்கிள் ஒரு லோரியில் மோதியது. அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டார்கள். மாலை போட்டார்கள், நெற்றியில் காசு வைத்தார்கள். அம்மா அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். "சிரிச்சேன்னு சொன்னானே! பொய் சொல்லிட்டானே! நான்தானே போகச் சொன்னேன்!" வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் புரிந்தது.

அதற்குப் பிறகு அவள் வேறு எதுவும் பேசவில்லை என்றே சொல்லலாம். லோரிக்காரனைத் திட்டவில்லை, மழையைத் திட்டவில்லை, சாமியைக்கூடத் திட்டவில்லை. அவன் சிரிக்கவில்லை, தோஷம் கழியவில்லை, அனுப்பியது நான். இதையே அரைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் மாட்டிய படமும் அவளுக்கு உதவவில்லை. அது அண்ணனின் ஐசிக்கு, அடையாள அட்டைக்கு, எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது. ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்த பயல் அதில் போலீஸ்காரனைக் கண்டவன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றான். அவன் சிரிக்கிற போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. போட்டோ என்றால் விறைப்பாக நிற்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

கருமாதி அன்றைக்கு டைரக்டர் கிள்ளானிலிருந்து வந்தார். ஓரமாக உட்கார்ந்து அழுதார். போகும்போது என்னிடம் ஒரு டேப்பைக் கொடுத்தார். "படம் முடிஞ்சிருச்சும்மா. குரல் கொடுக்க தம்பி இல்லாம போயிட்டான். நானே பேசிட்டேன். மன்னிச்சிக்குங்க" என்றார். டேப்பை அலமாரியில் துணிகளுக்குக் கீழே வைத்தேன். நாளாகியும் யாரும் அதைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவே வந்து முன்னறையில் உட்கார்ந்து, "போடு" என்றாள். அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

ஐயோ, என்ன படம் அது! அவ்வளவு மட்டமான ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நீலத்தாள் லென்ஸை முழுதாக மூடாததால் திரையின் ஒரு மூலையில் நல்ல வெயில். பேய் வரும்போதெல்லாம் காலில் அண்ணனுடைய சிலிப்பர், வார் அறுந்து ஊக்கு குத்தியது. வாயைத் திறந்தால் டைரக்டரின் கிள்ளான் குரல். என் கண் தானாகத் தப்புகளைப் பொறுக்கியது, வாய் திறந்து கத்தப்போய் மூடிக்கொண்டது. கச்சாங் பூத்தே கொடுக்க யார் இருக்கிறார்கள்?

பாடைக் காட்சி வந்தது. பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். அண்ணன் வேட்டியும் மாலையுமாகப் படுத்திருக்கிறான். கேமரா மெதுவாக அவன் முகத்துக்கு வந்து நிற்கிறது. அடுத்த காட்சிக்குப் போகும் என்று பார்த்தால் போகவில்லை. ஒப்பாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, பிணம் கண்ணைத் திறந்தது. முழங்கையை ஊன்றி எழுந்தது. நேராக எங்களைப் பார்த்து, பல்லெல்லாம் தெரிய, கண் சுருங்கச் சிரித்தது. நெற்றிக் காசு நழுவி மடியில் விழுந்தது. அதோடு வெட்டு.

வெட்டி எறிய வேண்டிய துண்டை டைரக்டர் வெட்டவே இல்லை. இரண்டு வீடியோ டெக்கை வைத்துக்கொண்டு வீட்டிலேயே எடிட்டிங் செய்தவர் அவர். "தம்பி போனப்புறம் அந்த இடத்த என்னால பாக்க முடியலம்மா. கண்ண மூடிக்கிட்டே ஓட்டிட்டேன்" என்று பின்னால் சொன்னார்.

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "சிரிச்சிருக்கான்" என்றாள். "புள்ள, சிரிச்சிருக்கான்டி. பொய் சொல்லல." நான் திருப்பி ஓட்டினேன். மறுபடியும் எழுந்து சிரித்தான். மறுபடியும் ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால் அப்பா அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பக்கமாகச் சுற்றி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அம்மா குளித்து, தலை சீவி, சோறு பொங்கினாள். கருமாதிக்குப் பிறகு அவளாக அடுப்பைப் பற்றவைத்தது அன்றுதான்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். சில நாள் கழித்து, "சிரிச்சிருக்கானே, அப்புறம் ஏன்டி?" என்று என்னைக் கேட்டாள். ஆனால் தான் அனுப்பியதால்தான் செத்தான் என்று சொல்வதை நிறுத்தினாள். ஞாயிறு மத்தியானம் அந்த டேப்பைப் போடுவது வழக்கமாகிவிட்டது. அப்பா வெளியே பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் அடுக்களை வாசலில் வந்து நிற்பார். சிரிப்பு முடிந்ததும் போய்விடுவார். எங்களுக்குள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வெளியாள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

வெளியே ஊர் சிரித்தது. படம் வீடியோ கடைகளுக்குப் போயிருந்தது. பயமுறுத்த எடுத்த படத்தை ஜனங்கள் சிரிப்பதற்கென்றே எடுத்துப்போனார்கள். பிணம் சிரிக்கிற படம் என்றுதான் அதற்குப் பெயர். பசங்கள் கடைகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் படுத்துக்கொண்டு, மற்றவர்கள் ஒப்பாரி வைக்க, படக்கென்று எழுந்து பல்லைக் காட்டி விளையாடினார்கள். முதல் தடவை பார்த்தபோது செருப்பைக் கழற்றிக்கொண்டு போனேன். பக்கத்தில் போனதும் கோபம் இறங்கிவிட்டது. நானும் அண்ணனும் செய்ததைத்தானே இவர்களும் செய்கிறார்கள்? அவன் இருந்து பார்த்திருந்தால் தரையில் உருண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருப்பான். பொட்டலத்தை அப்படியே அவன் மடியில் கொட்டியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டேப்புக்கும் ஆயுசு உண்டு. நாங்கள் அந்த ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டி, அம்மா கேட்டாளென்று பாஸ் பட்டனை அழுத்தி அவன் முகத்தை நிறுத்தி வைத்து, டேப் அங்கேயே தேய்ந்தது. முதலில் அவன் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பிறகு கோடுகள் பெருகின. டெக்கின் டிராக்கிங் குமிழைத் திருகித் திருகிப் பார்ப்பேன், கண் தெளிந்தால் வாய் கலங்கும். மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடித்தது. "இது போயிடும் போலிருக்கே" என்று அம்மா டேப்பை வெளியே எடுக்கச் சொன்னாள். "அந்தக் கடைக்காரத் தம்பிகிட்டக் குடு. புது டேப்புல மாத்திக் குடுக்கச் சொல்லு. உடனே போ" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். "அண்ணே, இது தேஞ்சிருச்சு. இத அப்படியே புதுசுல ஏத்திக் குடுங்க."

"வச்சிட்டுப் போ தங்கச்சி. உங்கண்ணன் படம் இல்லையா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் தேடிவந்து வீட்டிலேயே கொடுத்தார். எங்கள் பழைய டேப் ஒன்று, புது டேப் ஒன்று. "ரெண்டும் நல்லா இருக்கும், செக் பண்ணிட்டேன்" என்றார். அம்மா அவரை உட்காரவைத்துக் கோப்பி கலக்கிக் கொடுத்தாள்.

ஞாயிறு மத்தியானம் புது டேப்பைப் போட்டோம். படம் பளிச்சென்று இருந்தது. கோடே இல்லை. மூலையில் அடித்த வெயிலைக் காணவில்லை. பின்னணியில் புது இசை வேறு. பாடைக் காட்சி வந்தது. ஒப்பாரி வந்தது. அப்பா வந்து நின்றார். கேமரா மெதுவாக அண்ணன் முகத்துக்குப் போனது, நின்றது. அடுத்த காட்சி. கிராணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தள்ளி வந்துட்டியா?" என்றாள் அம்மா. திருப்பி ஓட்டினேன். கண்ணை மூடிய முகம், கிராணி. பழைய டேப்பை எடுத்துப் போட்டேன். அதிலும் கண்ணை மூடிய முகம், கிராணி. டேப்பை வெளியே இழுத்துப் பார்த்தேன். மேலே பதிவு செய்துவிடாமல் இருக்க முதுகில் ஒரு சின்னத் துண்டை உடைத்து வைத்திருப்பார்கள். அந்த ஓட்டையை மறைத்து செலோடேப் ஒட்டியிருந்தது. எங்கள் டேப்பின் மேலேயே புதுப்படத்தை ஏற்றியிருந்தார்.

ஓடினேன். கடைக்கார அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "உன் டேப்பு பூரா போச்சு தங்கச்சி, கோடு கோடா இருந்துச்சு. அத ஏத்தி என்ன பிரயோஜனம்? டைரக்டரு இப்பத்தான் திருத்தின காப்பி எல்லாக் கடைக்கும் குடுத்தாரு, பழசு மேல இதப் போட்டுடுங்கன்னு. அவரு எங்க கல்யாணம் எடுக்கப் போனாலும் பயலுங்க படுத்து எழுந்து கிண்டல் பண்றானுங்க, மனுஷன் நொந்து போயிட்டாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் உங்கண்ணன ஊரே பாத்துச் சிரிக்கிறது புடிக்கல. உங்களுக்கும் அசிங்கமாதான இருந்திருக்கும்? அந்த இடத்த எடுத்துட்டது நல்லதுதானேன்னு செஞ்சேன்."

அவர் அண்ணனின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு முன்னோ பின்னோ அவரைப் போல எங்களுக்கு ஒருவரும் உதவி செய்ததில்லை. பாவி மனுஷா என்று கத்த வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். டைரக்டர் கடையில் ஒரு கல்யாணப் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் எடுத்த மூலப் படத்தைக் கேட்டேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "அந்த கேசட்டெல்லாம் வேலை முடிஞ்சு சும்மா கெடக்கேன்னு அதுமேலயே கல்யாணம் எடுத்துட்டேனேம்மா" என்றார். எந்தக் கல்யாணம் என்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. ஏதோ ஒரு ஜோடி மாலை மாற்றிக்கொள்கிற இடத்துக்கு அடியில் என் அண்ணன் சிரித்துக்கொண்டிருக்கிறான். நான் எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அப்ப கண்ண மூடிக்கிட்டிருந்தேன், தப்பு வந்துச்சு. இப்ப கண்ணத் திறந்து ஒழுங்கா பண்ணேம்மா. அது தப்பாப் போச்சா?" என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்கள எவன் ஒழுங்கா பண்ணச் சொன்னது?" என்று கத்திவிட்டு வந்தேன்.

காஜாங், ஸ்ரீ கெம்பாங்கான், கிள்ளானின் சந்துபொந்து என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய காப்பி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் பெருமையாக ஒரே பதில் சொன்னார்கள். "புதுசுதான் இருக்கு, கிளியரா இருக்கும்." திருத்தின பிறகு அந்தப் படத்தை எவனும் சீண்டவில்லை என்பது வேறு விஷயம். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை, பயப்படவும் ஒன்றும் இல்லை. நூற்றோடு ஒன்றாக ஒரு படம். மெல்ல மெல்லக் கடைகளே காணாமல் போயின.

அம்மா முதலில் அழவில்லை. "போனாப் போகுது. நாமதான் கண்ணால பாத்தோமே" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து, "நல்லா பாத்தோமில்ல?" என்று கேட்க ஆரம்பித்தாள். "மூணு பேரும் பாத்தோம்மா" என்பேன். அப்பாவைக் கேட்பாள். "பாத்தேன்" என்பார் அவர். தொண்ணூறுகளில் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். கிள்ளானில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். அங்கே இருக்கும்போது அப்பாவும் இறந்துபோனார். சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, கண் மங்கி, நினைவும் தடுமாறியது. தடுமாறியதில் எத்தனையோ போய்விட்டன. அடுத்த வீட்டுக்காரியைத் தெரியாது, ஃபிளாட்டுக்கு வந்ததே தெரியாது. ஆனால் பாடையும் மாலையும் நெற்றிக் காசும் அப்படியே இருந்தன. திருத்தின படத்தில் பார்த்ததும் வாசலில் கிடத்தியிருந்ததைப் பார்த்ததும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். இரண்டிலும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. "நீயும் உங்கப்பாவும் சேந்துக்கிட்டு என்ன ஏமாத்தினீங்க. நான் அழுவேன்னு சிரிச்சான் சிரிச்சான்னு சொன்னீங்க" என்றாள். "நான்தான அவன அனுப்பினேன்" என்று பழையபடி ஆரம்பித்தாள். டேப் இருந்தால் அவள் மங்கல் கண்ணுக்கு முன்னால் அதைப் போட்டுக் காட்டியிருப்பேன். என் வாய்ச்சொல் மட்டும்தான் இருந்தது, அது அவளுக்குப் போதவில்லை.

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே சாயல், சிரித்தால் அச்சு அசல் அவன்தான் என்று சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாள் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

"சிரிச்சான்னு சொல்றியே, எப்படிச் சிரிச்சான்? சிரிச்சுக் காட்டு."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். தரையில் படுத்துக் கண்ணை மூடினேன். முழங்கையை ஊன்றி எழுந்து, அம்மாவை நேராகப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அம்மா கழுத்தை நீட்டி என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தாள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நான் சிரிப்பை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

"இல்ல" என்றாள். "அவன் சிரிக்கல."